காரில் ஆம்ப் பொருத்துவது: எர்த் முதல் கெயின் வரை

காருக்குப் புது ஸ்பீக்கர் மாற்றிய பிறகும் பலருக்கு ஒரு ஏமாற்றம் மிஞ்சும். சத்தத்தைப் பாதிக்கு மேல் ஏற்றினால் குரல் தகரத்தில் தட்டியது போல ஆகிவிடும். பேஸ் வர வேண்டிய இடத்தில் கதவு மட்டும் அதிரும். ஸ்பீக்கர் மட்டமோ என்று நினைத்து இன்னும் விலை கூடியதை வாங்கிப் போட்டாலும் அதே கதைதான். பெரும்பாலும் குறை ஸ்பீக்கரில் இருக்காது. அதைத் தள்ளுகிற சக்தி போதவில்லை, அவ்வளவுதான். அந்தச் சக்தியைக் கொடுக்கும் பெட்டிதான் ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர்.

ஸ்டீரியோ வந்த அட்டைப்பெட்டியில் '50 வாட் × 4' என்று போட்டிருக்கும். அதை நம்பி ஆம்ப் தேவையில்லை என்று முடிவெடுக்கிறவர்கள் நிறைய. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சின்ன ஐசி, காரின் மின்சாரத்தை அப்படியே எடுத்துத்தான் ஸ்பீக்கரை ஓட்டுகிறது. இன்ஜின் ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கர் பொதுவாக 4 ஓம். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், அலை கெடாமல் தரக்கூடியது அதிகபட்சம் 26 வாட். ஐசிக்குள் ஆகும் இழப்பைக் கழித்தால் 18லிருந்து 22 வாட் தேறும். பெட்டியில் உள்ள 50 என்பது கண நேரம் தொட்டுவிட்டுப் போகும் உச்சம். எதை வாங்கினாலும் 'ஆர்.எம்.எஸ்' (RMS), அதாவது தொடர்ந்து தாங்கும் சக்தி, என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். ஸ்பீக்கருக்கும் ஆம்புக்கும் அதுதான் நிஜமான எண்.

ஆம்ப் இந்த 14 வோல்ட் தடையைத் தாண்டுவதற்காகவே இருக்கிறது. உள்ளே வரும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை நறுக்கி, ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 25, 30 வோல்ட் என்று உயர்த்தி, அதைக் கொண்டு ஸ்பீக்கரை ஓட்டும். வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. அப்படியானால் எதற்கு 75 வாட்? தவிலில் ஒரு அடி விழுகிறது. அந்த அடியின் தொடக்கம், மொத்தப் பாட்டின் சராசரியைப் போலப் பத்து மடங்குக்கு மேல் சக்தி கேட்கும். 20 வாட் ஸ்டீரியோ அந்த இடத்தில் திணறி அடியை மழுக்கிவிடும். கையிருப்பு உள்ள ஆம்ப் அதை அடியாகவே தரும். நிதானமான சத்தத்தில் கேட்கிறவர்களுக்கும் ஆம்ப் பிரயோசனப்படுவது இதனால்தான்.

ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். நான்கு சேனல் (நான்கு தனி வெளியீடு) உள்ள, சூட்டில் அதிகம் வீணாக்காத கிளாஸ்-டி வகை ஆம்ப். முன் இரண்டு சேனலும் தலா 75 வாட்டில் முன் கதவு ஸ்பீக்கர்களை ஓட்டுகின்றன. பின் இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒரே வெளியீடாகச் சேர்த்து, 200 வாட்டில் டிக்கியில் ஒரு 10 அங்குல சப்வூஃபர் (ஆழமான பேஸுக்கான ஸ்பீக்கர்). மொத்தம் 350 வாட். ஆரம்பிக்கிறவருக்கு இதை விடப் பெரிதாக எதுவும் வேண்டாம் என்பேன்.

பவர் வயரும் ஃபியூஸும்

கிளாஸ்-டி ஆம்ப் எடுக்கும் மின்சாரத்தில் சுமார் 80 சதவீதம்தான் ஸ்பீக்கருக்குப் போகும், மீதி சூடாகும். 350 வாட் வெளியே வர சுமார் 440 வாட் உள்ளே போக வேண்டும். அதை 13.8 வோல்ட்டால் வகுத்தால் 32 ஆம்பியர். வீட்டில் ஏசிக்கென்று தனி லைன் இழுக்கிறோமே, அதில்கூட ஓடுவது இதில் பாதிக்கும் குறைவு. அதனால் ஸ்டீரியோவின் பின்னால் இருக்கும் மெல்லிய வயரிலிருந்து ஆம்புக்குப் பவர் எடுக்க முடியாது. பேட்டரியிலிருந்து நேரடியாகத் தனி வயர் இழுத்தே ஆக வேண்டும்.

என்ன தடிமன்? பானெட்டிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 8 கேஜ் வயரில் சுமார் 8.4 சதுர மில்லிமீட்டர் செம்பு இருக்கும். 32 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.33 வோல்ட் கரையும். 4 கேஜ் வயரில் செம்பு 21 சதுர மில்லிமீட்டர், கரைவது 0.13 வோல்ட்தான். நம் உதாரணத்துக்கு 8 கேஜ் போதும், 4 கேஜ் நிம்மதி. ஆனால் கடையில் 'கிட்' என்று பளபளவென்று தொங்குவதில் பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம்தான் இருக்கும். அதே தடிமனுள்ள செம்பில் ஓடுவதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகத்தான் அதில் மின்சாரம் ஓடும். வயர் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். சென்னை ரிச்சி தெருவிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ வாங்கினாலும் 'முழுச் செம்பு' என்று கேட்டு, சுரண்டிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

வேலையை ஆரம்பிக்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். வயர் வேலை எல்லாம் முடிகிற வரை அது கழன்றே இருக்கட்டும்.

ஃபியூஸ், பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும், அதாவது 18 அங்குலத்துக்குள். "ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே, இது எதற்கு" என்று கேட்பார்கள். ஆம்பில் இருப்பது ஆம்புக்கு. பேட்டரிப் பக்கம் போடுவது வயருக்கு. இன்ஜின் அறைக்கும் உட்புறத்துக்கும் நடுவே உள்ள தகரச் சுவரில் ஒரு ஓட்டை வழியாகத்தான் வயர் வரும். நாளடைவில் தகர விளிம்பு உறையைத் தின்று, செம்பு பாடியைத் தொட்டுவிட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த வயரில் தள்ளும். வயர் தணலாகி, மேலே விரித்திருக்கும் கார்ப்பெட் பற்றிக்கொள்ளும். கோளாறு நடுவழியில் இருக்கும்போது வயரின் கடைசி முனையில் உள்ள ஃபியூஸால் எதையும் தடுக்க முடியாது. நம் உதாரணத்துக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ். தகரத்தைக் கடக்கும் இடத்தில் ரப்பர் புஷ் கட்டாயம். காரில் ஏற்கெனவே வயர்கள் போகும் பெரிய ரப்பர் மூடி ஒன்று இருக்கும். அதில் சின்னத் துளை போட்டு நுழைத்தால் புதிதாக ஓட்டை போடவே வேண்டாம்.

உள்ளே வந்த பிறகு கதவுப் படியோரம் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை நெம்பினால் வயர் போக வழி கிடைக்கும். மஞ்சள் உறை அல்லது மஞ்சள் கனெக்டர் போட்ட வயர்களைப் பார்த்தால் கை வைக்காதீர்கள், அவை ஏர்பேக் வயர்கள். முன் சீட்டுக்கு அடியிலும் இருக்கும்.

எர்த்

இந்த வேலையில் பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. பிளஸ் வயரில் எவ்வளவு மின்சாரம் வருகிறதோ அவ்வளவும் எர்த் வழியாகத் திரும்பிப் போக வேண்டும். அதனால் எர்த் வயரும் பவர் வயரின் தடிமனிலேயே, ஒரு முழத்துக்குள், காரின் பாடியில் ஏற வேண்டும். பாடி என்றால் பெயின்ட் அல்ல, இரும்பு.

சில வருடங்களுக்கு முன்பு சித்தப்பாவின் பழைய ஹேட்ச்பேக்கில் ஒரு ஆம்ப் போட்டிருந்தார்கள். பொருத்தி ஒரு வாரம்கூட ஆகவில்லை. "பாட்டுக்கு நடுவுல கொசு கத்துற மாதிரியே ஒரு சத்தம் வருதுடா, என்னன்னு பாரேன்" என்றார்.

"ஆக்ஸிலேட்டரை மிதிங்க சித்தப்பா."

மிதித்தார். கொசுச் சத்தம் மேலே ஏறியது. காலை எடுத்ததும் இறங்கியது. இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் சத்தம், இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை நீளமான ஒரு வயர் மூலம் பேட்டரி மைனஸில் இணைத்தேன். சிவப்பு முனையை ஆம்பின் எர்த் டெர்மினலில் வைத்து, பாட்டைச் சத்தமாகப் போட்டேன். இரண்டும் ஒரே இடம்தான் என்பதால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். பேஸ் அடிக்கும்போதெல்லாம் 0.9 வோல்ட் வரை துள்ளியது.

சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால், எர்த் லக்கை (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) பாடியின் பெயின்ட் மேலேயே வைத்து முறுக்கியிருந்தார்கள். அந்த ஸ்க்ரூவின் மரை மட்டும்தான் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. 30 ஆம்பியரும் அந்த மரை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. லக்கைக் கழற்றி, ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்தேன். முதலில் காரின் நிறம், அதற்கடியில் சாம்பல் நிற பிரைமர், கடைசியில் பளபளவென்று வெள்ளை இரும்பு. லக்கை அதன் மேல் உட்கார வைத்து, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்கி, துருப் பிடிக்காமல் இருக்க மேலே வாஸ்லின் தடவினேன். மீட்டர் 0.04 காட்டியது. கொசு போய்விட்டது. சித்தப்பா அன்று இரவு மதுரை வரை பாட்டு கேட்டுக்கொண்டே போனார்.

0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் எடுக்காதீர்கள். அந்த போல்ட்டுக்கு உயிர் காக்கும் வேலை இருக்கிறது, அதைக் கழற்றி நடுவே லக் சொருகுவது தப்பு. புதிதாக ஓட்டை போடுவதானால் காருக்கு அடியில் படுத்து அந்த இடத்தைப் பாருங்கள், பெட்ரோல் டேங்கும் பெட்ரோல் குழாயும் பின்பக்கத் தரைக்கு அடியில்தான் ஓடும்.

மற்ற வயர்கள்

ஆம்பை எழுப்புவதற்கு ஒரு மெல்லிய ரிமோட் வயர். வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களில் இது வெள்ளைக் கோடு போட்ட நீல வயர். ஸ்டீரியோ ஆன் ஆனால் அதில் 12 வோல்ட் வரும், ஆம்ப் விழித்துக்கொள்ளும். ஆஃப் ஆனால் தூங்கிவிடும். இதைப் பேட்டரியில் நேரடியாகக் கொடுத்துவிட்டால் ஆம்ப் இரவெல்லாம் விழித்திருந்து, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோக ஆர்சிஏ (RCA) கேபிள். பவர் வயர் ஒரு பக்கக் கதவோரம் போனால் ஆர்சிஏ மறுபக்கம் போகட்டும். கம்பெனி டச் ஸ்கிரீனில் ஆர்சிஏ இருக்காது. அப்போது ஸ்பீக்கர் வயரையே உள்ளே வாங்கிக்கொள்ளும் 'ஹை லெவல்' இன்புட் உள்ள ஆம்பாக வாங்குங்கள், இப்போது வரும் பலவற்றில் அது உண்டு. கம்பெனி வயரை வெட்டாமல் இடையில் சொருகும் கப்ளர்கள் கிடைக்கின்றன, வாரண்டி உள்ள காரில் அதைத்தான் போட வேண்டும்.

ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறினால் எதுவும் புகையாது, ஆனால் பேஸ் காணாமல் போகும். ஒரு கதவின் கூம்பு முன்னே வரும்போது மறுகதவின் கூம்பு பின்னே போய், ஒன்றை ஒன்று அழித்துவிடும். சந்தேகம் வந்தால் ஆம்பிலிருந்து வயரைக் கழற்றி, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பென்சில் செல்லை அந்த முனையில் தொட்டுத் தொட்டு எடுங்கள். செல்லின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே துள்ளும். உள்ளே போனால் வயர் மாறியிருக்கிறது. கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

ஆம்ப் எங்கே உட்கார வேண்டும்? சீட்டுக்கு அடியில் வைப்பது சுலபம். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் ஊர்க்காரர்கள் யோசிக்க வேண்டும், கார்ப்பெட் நனைந்தால் முதலில் போவது ஆம்ப்தான். பின் சீட்டின் முதுகுப்புறம், டிக்கிப் பக்கமாக, சுற்றி இரண்டு விரல் அளவு காற்றோட்டத்தோடு வைப்பது நல்லது. சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காரில் ஆம்ப் சூடு தாங்காமல் தானாக அணைந்தால் பயப்பட வேண்டாம், ஆறியதும் வரும். தினமும் அணைந்தால் இடத்தை மாற்றுங்கள்.

கெயின்

வயர் வேலை முடிந்து முதல் தடவை ஆன் செய்ததும் எல்லோருடைய கையும் கெயின் திருகுக்குத்தான் போகும். சத்தம் போதவில்லை என்று அதை முழுதாகத் திருகிவிடுவார்கள். கெயின், சத்தம் கூட்டும் திருகு இல்லை. ஆரம்பிக்கிறவர் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் ஸ்பீக்கர் பல வருடம் உழைக்கும்.

ஸ்டீரியோக்கள் எல்லாம் ஒரே அளவு சிக்னல் அனுப்புவதில்லை. ஒன்றின் ஆர்சிஏவில் அதிகபட்சம் 2 வோல்ட் வரும், இன்னொன்றில் 4 வோல்ட். வருகிறவர் உயரத்துக்கு ஏற்ப வாசல் நிலையை வைப்பது போல, 'எனக்கு இவ்வளவு பெரிய சிக்னல்தான் வரும், அப்போது நீ உன் முழு சக்தியைக் கொடுத்தால் போதும்' என்று ஆம்புக்குச் சொல்வதுதான் கெயின். அதனால்தான் அந்தத் திருகைச் சுற்றி 0.2 வோல்ட், 4 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. 4 வோல்ட் அனுப்பும் ஸ்டீரியோவை வைத்துக்கொண்டு 0.2 என்று சொன்னால், சத்தத்தைக் கால்வாசி ஏற்றும்போதே ஆம்ப் தன் எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் வருகிற அலையின் உச்சியைக் கொடுக்க அதனிடம் வோல்ட் இல்லை. மலை உச்சியைச் சீவி மேடையாக்கியது போல அலையின் தலை தட்டையாகிவிடும். இதற்குத்தான் கிளிப்பிங் என்று பெயர்.

தலை தட்டையானால் என்ன கெடுதல்? முழுக்கச் சதுரமாகிவிட்ட அலையில், அதே உயரமுள்ள சுத்தமான அலையைப் போல இரண்டு மடங்கு சக்தி இருக்கும். 75 வாட் ஆம்பே 150 வாட் வரை தள்ள ஆரம்பிக்கும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் சூடேறி, அதன் மேல் பூசிய வார்னிஷ் கருகும். அந்த வாடை ஒரு தடவை மூக்கில் ஏறினால் மறக்காது. ஸ்பீக்கர் எரிந்துபோனதற்கு 'ஆம்ப் பவர் ஜாஸ்தி' என்று காரணம் சொல்வார்கள். நான் பார்த்த அளவில் கெயின் ஏற்றி வைத்த சின்ன ஆம்ப்தான் அதிக ஸ்பீக்கரை எரித்திருக்கிறது.

சரி, எப்படி வைப்பது? ஐந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். ஸ்டீரியோவில் பேஸ், ட்ரெபிள், ஈக்வலைசர், லவுட்னெஸ் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வையுங்கள். ஆம்பில் பேஸ் பூஸ்ட் ஆஃப், கிராஸ்ஓவர் (எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஒலி போக வேண்டும் என்று பிரிப்பது) ஸ்விட்ச் 'ஃபுல்', கெயின் குறைந்தபட்சம். இன்ஜினை ஓடவிடுங்கள், வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும். 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன், 0 டெசிபலில் பதிந்தது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதைப் பென் டிரைவில் போட்டு ஓடவிடுங்கள். ஸ்டீரியோவின் சத்தத்தை முக்கால் பங்குக்கு ஏற்றுங்கள், மொத்தம் 40 என்றால் 30. அதற்கு மேல் போனால் பல ஸ்டீரியோக்கள் தாங்களே அலையைச் சீவ ஆரம்பிக்கும்.

இப்போது எத்தனை வோல்ட் வர வேண்டும் என்ற கணக்கு. வாட்டையும் ஓமையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கதவு ஸ்பீக்கருக்கு 75ஐ 4ஆல் பெருக்கினால் 300, அதன் வர்க்கமூலம் 17.3. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் பிடித்துக்கொண்டு, கெயினை மெதுவாக, மிக மெதுவாகத் திருப்புங்கள். 17.3 காட்டியதும் நிறுத்துங்கள். சப்வூஃபருக்கு 200ஐ 4ஆல் பெருக்கினால் 800, வர்க்கமூலம் 28.3. பிரிட்ஜ் டெர்மினலில் அது வரும் வரை பின் சேனல் கெயினைத் திருப்புங்கள். ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ் ஆம்பை விடக் குறைவாக இருந்தால், குறைந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கதவு ஸ்பீக்கருக்கு 1000 ஹெர்ட்ஸ் டோன் போடச் சொல்கிறவர்களும் உண்டு. விலை குறைந்த மல்டிமீட்டர்கள் பல, 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசி வோல்ட்டைச் சரியாகக் காட்டாது. ஸ்பீக்கர் கழன்று, கிராஸ்ஓவரும் 'ஃபுல்'லில் இருப்பதால் 50 ஹெர்ட்ஸே இரண்டுக்கும் போதும்.

முடிந்ததும் ஸ்டீரியோ சத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கி, வண்டியை அணைத்து, ஸ்பீக்கர்களை மாட்டுங்கள். கிராஸ்ஓவர் வைக்க அதிகம் யோசிக்க வேண்டாம். கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் 80 ஹெர்ட்ஸ் (அதற்கு மேலுள்ள ஒலி மட்டும் போகும்), சப்வூஃபருக்கு லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ் (அதற்குக் கீழுள்ளது மட்டும் போகும்). கதவின் சின்ன கூம்பிடமிருந்து ஆழமான பேஸ் வேலையை எடுத்துவிட்டால், அதே ஸ்பீக்கர் குரலையும் வீணையையும் எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது என்று அன்றுதான் தெரியும். பேஸ் அதிகமாகத் தோன்றினால் சப் கெயினைக் குறையுங்கள். குறைத்தால் எந்த ஆபத்தும் இல்லை. பேஸ் பூஸ்ட் திருகை மட்டும் தொடாதீர்கள், 12 டெசிபல் பூஸ்ட் என்றால் அந்த இடத்தில் சுமார் 16 மடங்கு சக்தி கேட்கிறீர்கள் என்று பொருள். நீங்கள் அளந்து வைத்த கெயின் அந்த நொடியே பொய்யாகிவிடும்.

ஒரு மாதம் ஓட்டிய பிறகு ஒரு தடவை பானெட்டைத் திறந்து ஃபியூஸ் கூட்டைத் தொட்டுப் பாருங்கள். நல்ல சத்தத்தில் அரை மணி நேரம் ஓடிய பிறகும் அது வெதுவெதுப்பைத் தாண்டக்கூடாது. கை சுட்டால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு இறுக்குங்கள். அதே கையோடு கார்ப்பெட்டைத் தூக்கி எர்த் போல்ட்டையும் ஒரு திருப்பு இறுக்கிவிடுங்கள்.